தசைன்னு ஒரு வார்த்தை, போச்சு ஒரு ராத்திரி

போன மாசம் ராத்திரி பதினோரு மணிக்கு ஆபீஸ் நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். அவரோட மூணு வயசுப் பையனுக்கு சிறுநீரகத்துல வில்ம்ஸ் கட்டி. ஆபரேஷன் முடிஞ்சு பயாப்ஸி ரிப்போர்ட் வந்திருக்கு. அதுல 'ராப்டோமயோபிளாஸ்டிக்'னு ஒரு வார்த்தை. கூகுள்ல தேடப் போனவர் 'ராப்டாய்டு' கட்டியைப் பத்திப் படிச்சிட்டு, "எல்லாம் போச்சுப்பா"ன்னு அழறார்.

ரெண்டும் வேற வேறங்க.

கருவில் சிறுநீரகம் உருவாகும்போது முதிராமல் தங்கிப்போன செல்களிலிருந்து வருவது வில்ம்ஸ் கட்டி. அதனால சில கட்டிகளில் தசை, குருத்தெலும்பு, கொழுப்புன்னு சிறுநீரகத்துக்குச் சம்பந்தமே இல்லாத திசுக்கள் இருக்கும். 1899லேயே மாக்ஸ் வில்ம்ஸ் இந்தக் கலப்புக் கட்டிகளைப் பத்தி எழுதிட்டார். பார்க்க விநோதம்தான். ஆனா தசை இருக்குங்கறது மட்டுமே கெட்ட சேதி இல்லை. முதிர்ந்த தசை கீமோவுக்குச் சரியா சுருங்காது. அதை வெச்சு நோய் முத்திடுச்சுன்னு முடிவு கட்டவும் கூடாது.

ராப்டாய்டுதான் பொல்லாதது. 1978ல் பெக்வித்தும் பாமரும் அதைத் தசைப் புற்று மாதிரி தெரியற ஒரு வில்ம்ஸ் வகைன்னு எழுதினாங்க. பிறகு பார்த்தா அது தசையும் இல்லை, வில்ம்ஸும் இல்லை. பேர் மட்டும் ஒட்டிக்கிச்சு! ஐஎன்ஐ1 புரதத்துக்குச் சாயம் போட்டுப் பார்த்தா குட்டு வெளிப்பட்டுடும். ராப்டாய்டுல அந்தப் புரதம் காணாமப் போயிருக்கும்.

வில்ம்ஸ்ல நிஜமா பயப்பட வேண்டியது அனபிளாசியா. அதாவது, உட்கரு தாறுமாறா பெருத்துக் கோணிப்போன செல்கள். இது கட்டியின் ஒரே ஒரு மூலையில் ஒளிஞ்சிருக்கலாம். பல இடத்துல வெட்டி எடுத்துப் பார்க்கலைன்னா தப்பிடும். கீமோ எவ்வளவு கடுமையா கொடுக்கணும்ங்கறதே இதைப் பொறுத்து மாறுது.

நான் சொல்ல வர்றது ரெண்டே விஷயம். ஒண்ணு, குழந்தைகளோட கட்டிகளைப் பார்த்துப் பழகின இன்னொரு நோயியல் நிபுணர் அந்த ஸ்லைடைக் கட்டாயம் பார்க்கணும். நாங்க எழுதற நாலு வரி கோடுக்கே ரிவ்யூ இல்லாம ரிலீஸ் கிடையாது. குழந்தை உசுருக்கு வேண்டாமா? ரெண்டு, ரிப்போர்ட்டைக் கையில கொடுக்கும்போதே பெத்தவங்களுக்குப் புரியற மாதிரி ஒரு வரி சொல்லணும். டாக்டர்களுக்கு நேரமில்லைதான், ஒத்துக்கறேன். ஆனா ஒரு வரிதானே?

மறுநாள் டாக்டர் ரெண்டே நிமிஷத்துல சொல்லிட்டார்: "கட்டியில கொஞ்சம் தசை கலந்திருக்கு, அனபிளாசியா இல்லை. பயப்படாதீங்க."

அந்த ரெண்டு நிமிஷம் முந்தின நாளே கிடைச்சிருந்தா அந்த மனுஷன் கொஞ்சம் தூங்கியிருப்பார்.