44 நாளில் சீட்டு கிழிந்தது!

இங்கிலாந்து கால்பந்து மானேஜர் பிரையன் கிளஃப், ஆட்டக்காரராகவும் சூரர்தான். 274 லீக் ஆட்டங்களில் 251 கோல்! 1962 டிசம்பர் 26-ல் முழங்கால் போச்சு, ஆட்டமும் போச்சு.

மானேஜர் ஆனார். 1972-ல் டெர்பி அணிக்கு லீக் பட்டம். 1974-ல் லீட்ஸ் போனார். அதுவரை அவர் திட்டித் தீர்த்த அணி அது! ஆட்டக்காரர்கள் சும்மா விடுவார்களா? 44 நாளில் கல்தா.

பிறகு நாட்டிங்காம் பாரஸ்ட். 1978-ல் லீக் பட்டம். 1979, 1980-ல் ஐரோப்பியக் கோப்பை!

எப்படி? டெர்பியிலும் பாரஸ்ட்டிலும் பக்கத்தில் பீட்டர் டெய்லர் இருந்தார். ஆளை எடை போடுவதில் கில்லாடி. லீட்சுக்கு மட்டும் அவர் வரவில்லை.

1982-ல் டெய்லர் விலகினார். அதன்பின் கிளஃப்புக்கு லீக் பட்டம் கிடைக்கவே இல்லை. 1983-ல் டெர்பி மானேஜராக இருந்த டெய்லர், பாரஸ்ட் ஆட்டக்காரர் ராபர்ட்சனை இழுத்துக்கொண்டார். கிளஃப் பேச்சை நிறுத்தினார். 1990-ல் டெய்லர் இறக்கும்வரை பேசவே இல்லை.