மயக்க டாக்டரிடமா மறைப்பது?

என் நாத்தனாருக்கு 'மயஸ்தீனியா கிரேவிஸ்' என்று ஒரு நோய். உடம்பின் எதிர்ப்பு சக்தியே, நரம்பு இடும் கட்டளை தசைக்குப் போய்ச் சேராமல் தடுத்துவிடுமாம். காலையில் நன்றாக இருப்பாள். சாயங்காலமானால் இமை தொங்கிவிடும், சாதத்தை மெல்லவே தாடை ஓய்ந்துவிடும். புகுந்த வீட்டில் சோம்பேறி என்று பட்டம். சத்து மாத்திரை என்று சொல்லித்தான் இத்தனை நாளும் மருந்து சாப்பிட்டு வந்தாள்.

சென்ற வருடம் அவளுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். "வேற ஏதாவது வியாதி இருக்கா?" என்று மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் கேட்டதும், என் மாமியார் முந்திக்கொண்டு, "ஒண்ணுமில்லீங்க" என்றார். பக்கத்தில் சம்பந்தியம்மா நின்றிருந்தாரே!

எனக்கு மனசு கேட்கவில்லை. பின்னாலேயே ஓடிப்போய், அவள் சாப்பிடும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரை அட்டையை டாக்டரிடம் நீட்டினேன். ஆடிப்போய்விட்டார். ஆபரேஷனின்போது தசையைத் தளர்த்தப் போடும் மருந்து, இவர்களுக்குக் கொஞ்சம் போட்டாலே வெகுநேரம் விடாதாம். தானாக மூச்சுவிட முடியாமல் வெண்டிலேட்டரில் வைக்கும்படி ஆகலாமாம். ஜென்டாமைசின் மாதிரி சில ஆன்டிபயாடிக் ஊசிகள்கூட ஆபத்தாம். ஆபரேஷனைத் தள்ளிவைத்து, நரம்பு டாக்டரையும் கலந்து பேசி, நல்லபடியாகச் செய்து முடித்தார்கள்.

விஷயம் தெரிந்ததும் நாத்தனார் கணவர் கேட்டது ஒன்றுதான்: "முன்னாடியே சொல்லியிருந்தா நான் என்ன, வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

சம்பந்தி முன்னால் சொல்லக் கூச்சமென்றால், தனியாகக் கூப்பிட்டாவது டாக்டரிடம் சொல்லுங்கள். நோயின் பெயர் வாயில் நுழையாவிட்டால், மாத்திரை அட்டையைக் காட்டினாலே போதும். மாமியார் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி