நூலகம் வரைந்த கை

யாழ்ப்பாணப் பொது நூலகத்தை அறியாதார் நம்மிடையே இலர். அதனை வரைந்தவரை அறிந்தார் மிகச் சிலரே. அவர் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன்.

1933-இல் க. மு. செல்லப்பா தம் இல்லத்திலிருந்து நூல்களை இரவல் வழங்கிய முயற்சியே இதன் வித்து. நூலக அறிஞர் இரங்கநாதன் ஆலோசனை நல்க, திராவிடச் சாயலில் நரசிம்மன் வரைந்த வெண்மாளிகைக்கு 1954-இல் அடிக்கல் நாட்டினர். 1959-இல் கதவு திறந்தது. 1981-இல் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின.

பின்னர் மாளிகை பழைய தோற்றத்திலேயே எழுந்தது. வரைந்தவர் திறத்துக்கு வேறு சான்று வேண்டுமோ? ஆயினும், ஒற்றைப் படியாயிருந்த ஏடுகள் மீளவில்லை. கட்டடத்தை மீண்டும் எழுப்பலாம். படியெடுக்காத ஏடு எரிந்தால் எரிந்ததே. நம் வீட்டுப் பரணில் சுவடி உளதாயின், இன்றே படியெடுப்போமாக.