பத்து விளக்கு வேண்டாம், ஆறு போதும்

ஊர்க் கோயிலில் ட்யூப் லைட்டின் மீதே ‘உபயம்’ என்று பெயரை எழுதி, பாதி வெளிச்சத்தை மறைப்பதை நாம் எல்லோரும் கேலி செய்திருக்கிறோம். இப்போது அந்த உபயம் சூரிய சக்தித் தெருவிளக்குக்கு வந்திருக்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும் நம்மவர்கள் பலர் ஆளுக்கு ஒன்றிரண்டு நட்டுவிட்டு வருகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் நாலாவது பொங்கலுக்கு அது எரிகிறதா என்று யார் பார்க்கிறார்கள்?

ரயில்வேயில் நான் பயணிகள் பெட்டிகளின் மின்சாரப் பிரிவில் இருந்தவன். வண்டி ஓடும்போது அச்சோடு சேர்ந்து சுழலும் ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரும். நின்றுவிட்டால் பாட்டரிதான் கதி. எனவே டிஸ்டில்ட் வாட்டர் எப்போது ஊற்றினோம், அமிலத்தின் அடர்த்தி எவ்வளவு என்று பதிவேட்டில் குறித்து வைப்போம். சூரிய மின்சாரத்திலும் இதே கதைதான். பலகை 20, 25 ஆண்டுகள் உழைக்கும். ஈய-அமில பாட்டரி, நன்றாகப் பார்த்துக்கொண்டாலும், ஐந்தாறு ஆண்டுகளைத் தாண்டுவது அரிது.

பீகாரின் ஜெகானாபாத் மாவட்டத்தில் தர்னாய் என்று ஒரு கிராமம். 2014-இல் கிரீன்பீஸ் அமைப்பு அங்கே 100 கிலோவாட் சூரிய மின் நிலையம் அமைத்தது. வீடு, தெருவிளக்கு, பாசன பம்பு எல்லாவற்றுக்கும் மின்சாரம்! நாடே பேசியது. சில ஆண்டுகளில் பாட்டரிகள் தேய்ந்தன. அதைவிட மலிவாக அரசு மின்சாரமும் வந்து சேர்ந்தது. நிலையம் முடங்கிப்போனது.

நம் கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சியைப் பாருங்கள். 2006-இல் சுமார் ஒன்றரைக் கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. ஊராட்சியின் சேமிப்பு போக, மீதி வங்கிக் கடன். தன் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை வாரியத்துக்கு விற்று, அந்த வருமானத்தில் கடனை அடைத்தது. கடன் கட்ட வேண்டியவன் இயந்திரத்தை நிற்க விடுவானா?

எல்லா ஊரும் காற்றாலை வாங்க முடியாது என்பீர்கள். சரி, ராஜஸ்தானில் திலோனியாவில் 1972-இல் தொடங்கிய ‘வெறுங்கால் கல்லூரி’ என்ன செய்கிறது? பள்ளிக்கூடம் போகாத கிராமத்துப் பெண்களுக்கு, பாகங்களை நிறத்தால் அடையாளம் காட்டி, சாலிடரிங் முதல் எல்லாம் கற்றுத் தருகிறது. வீட்டுக்கு இவ்வளவு என்று ஊர்க் குழு மாதாமாதம் வசூலித்து, பழுதுபார்க்கும் பெண்ணுக்கு ஊதியம் தருகிறது.

ஏழைகளிடம் காசு கேட்கலாமா என்று சிலர் தயங்குவார்கள். செல்போனுக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறவர்கள்தானே அவர்களும்? சொந்தக் காசு கொஞ்சம் போனால்தான் ‘நம் விளக்கு’ என்ற எண்ணம் வரும்.

ஆகவே அன்பர்களே, பத்து விளக்குக்குப் பணம் சேர்த்தால் ஆறு மட்டும் வாங்குங்கள். மீதியை ஊர் மகளிர் சுய உதவிக் குழுவின் பெயரில் வங்கியில் போடுங்கள். அது பாட்டரி மாற்றுவதற்கு. அந்தக் குழுவில் இரண்டு பெண்களுக்குப் பயிற்சியும், ஒரு மல்டிமீட்டரும், ஒரு நோட்டுப் புத்தகமும் கொடுங்கள். உபயப் பலகையில் உங்கள் பெயர் தாராளமாக இருக்கட்டும். அதற்குக் கீழே, விளக்கு எரியாவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.