டிரெய்லரையும் கவனியுங்கள்

கலபுரகியிலிருந்து (நம் வாயில் இன்னும் குல்பர்காதான்) துவரம் பருப்பு ஏற்றி வந்த டிரெய்லர் லாரி, சென்ற ஆண்டு படப்பை அருகே நின்றுவிட்டது. பிரேக் விடுபடாமல் பிடித்தபடியே ஓடி, ஹப் சூடேறி, கிரீஸ் உருகி, பின் டயர் பற்றிக்கொண்டது. தாம்பரம் கிடங்கில் நாம் இறக்கியது பாதி மூட்டைகளே. மீதி கருகியும் நனைந்தும் போயின.

காரணம் அற்பமானது. ஏர் டேங்கில் சேரும் தண்ணீரை அன்றாடம் திறந்துவிடவில்லை. அது தேங்கினால் வால்வு துருப்பிடித்து பிரேக் ஒட்டிக்கொள்ளும். இழுக்கும் வண்டியில் கோளாறு என்றால் எஞ்சின் சத்தம் போட்டுச் சொல்லிவிடும். பின்னால் வரும் டிரெய்லருக்கு வாய் இல்லை. முன் வண்டியும் டிரைவரும் மாறிக்கொண்டே இருந்தால், அதைத் தன்னுடையது என்று பார்ப்பவரும் இல்லை. கிங் பின்னுக்குக் கிரீஸ், வீல் நட்டு முறுக்குவது எல்லாம் எப்.சி.க்குப் போகும்போதுதான்.

லாரிக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. டன்னுக்கு ஐம்பது ரூபாய் குறைத்த ஏஜெண்டுக்கு லோடு கொடுத்தது நாமே. அந்த ஐம்பது ரூபாய் எதில் மிச்சமானது என்று நாம் கேட்கவில்லை. உறுப்பினர்கள் லோடு பேசும்போது, டிரெய்லருக்குக் கடைசியாகக் கிரீஸ் அடித்த தேதியையும் கேட்க வேண்டும். வாடகை கொஞ்சம் கூடக் கேட்பார்கள். நாம் இப்போது கொடுத்து வருகிறோம்.