ஓடைக்கு அந்தப் பக்கம் வேற சட்டம்!

கலிஃபோர்னியாவில் பாலோ ஆல்டோவும் மென்லோ பார்க்கும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். நடுவே ஓர் ஓடை. வீட்டுத் தோட்டத்தில் 11 அங்குல விட்டத்தில் ஓர் உள்நாட்டு ஓக் மரம் என்று வையுங்கள். மென்லோ பார்க்கில் 10 அங்குலம் தொட்டாலே பாதுகாப்பு. அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது. பாலோ ஆல்டோவிலோ பொதுவாக 11.5 அங்குலம் ஆக வேண்டும். ரெட்வுட் என்றால் அங்கே 15, இங்கே 18.

இத்தனைக்கும் பாலோ ஆல்டோ என்றால் ஸ்பானிஷில் ‘உயர்ந்த மரம்’. பெயர் தந்த ஆயிரம் வயது ரெட்வுட் அதே ஓடைக்கரையில்தான் நிற்கிறது!

அந்த ஒன்றரை அங்குலம் பெருக்க ஓக் மரத்துக்குச் சில வருடங்களாவது ஆகும். ஆபத்தும் அந்த வருடங்களில்தான். சின்ன மரத்தைக் காப்பாற்றினால்தானே நாளைக்குப் பெரிய மரம்?