1,024 கட்டங்கள்

1982-ல் சூஸன் கேருக்குக் கம்ப்யூட்டரில் படம் வரைந்த அனுபவமே கிடையாது. நுண்கலையில் டாக்டர் பட்டம் பெற்ற சிற்பி அவர். ஆப்பிளில் வேலை பார்த்த பள்ளித் தோழர் ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட், உருவாகிக்கொண்டிருந்த மெக்கின்டாஷுக்குச் சின்னங்கள் கேட்டார். கேர் கட்டம் போட்ட நோட்டு ஒன்றை வாங்கினார். குறுக்கே 32, நெடுக்கே 32. ஒவ்வொரு கட்டமும் கறுப்பு அல்லது வெள்ளை. சாம்பல் நிறம்கூட இல்லை. பூத்தையலும் மொசைக்கும் தெரிந்தவருக்கு அந்தக் கணக்கு புரிந்துவிட்டது.

பிக்ஸல் ஓவியம் பழகுகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். படம் சரியாக வராவிட்டால் கட்டங்களைக் கூட்டுகிறார்கள். பெரிய பரப்பில் பிழை ஒளிந்துகொள்ளும், திருந்தாது. சின்னப் பரப்பில் ஒரு கட்டம் இடம் மாறினாலே சிரிப்பு அழுகையாகிவிடும். வளைவு என்றால் கட்டங்கள் 4, 3, 2, 1 எனச் சீராகக் குறைய வேண்டும். நடுவில் ஒரு வரிசை நீண்டாலும் பல் துருத்தும். அதைக் கண்டுபிடித்து ஒரு கட்டத்தை அழிப்பதுதான் பயிற்சி. இதற்குப் பென்சிலும் ரப்பரும் போதும்.

1984-ல் மெக்கின்டாஷ் வெளிவந்தது. சுவிட்சைப் போட்டதும் திரையில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் சிரித்தது. கம்ப்யூட்டரைக் கண்டு பயந்தவர்களும் பதிலுக்குச் சிரித்தார்கள். கேரின் நோட்டுப் படங்கள் இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன.